கரையில் நிக்கிற நேரம்: டோவர் – கலே கப்பல்களின் கதை

எங்கட கூட்டத்தில் ஒருத்தியின் மாமா குடும்பம் லண்டனில் இருக்கிறது. பாரிசில் ஒரு கலியாண வீடு. சாறி, பலகாரப் பெட்டி எல்லாத்தையும் காரில் ஏத்திக்கொண்டு விடியக்காலமை வெளிக்கிட்டவர்கள், டோவர் துறைமுகத்தில் மணிக்கணக்காக வரிசையில் நிண்டார்கள். பொழுது போகாமல் மாமா வீடியோ கோல் எடுத்தார். முன்னுக்கும் பின்னுக்கும் கார், அதற்கு அங்கால லொறி, அதற்கும் அங்கால வெள்ளைச் சுண்ணாம்புக் குன்று. போனை வாங்கிப் பார்த்த அம்மம்மா கேட்டா: “இதென்ன, பாதைக்கா இவ்வளவு சனம் நிக்குது?”

அம்மம்மா மண்டூர் ஆள். மட்டக்களப்புப் பக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறோம்: குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏத்துகிற தட்டைப் படகு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்தான் ‘பாதை’. காரைநகர் – ஊர்காவற்றுறைப் பக்கத்திலும் அதே சொல்தான். ரோட்டு முடிகிற இடத்தில் தண்ணிக்கு மேலால் ரோட்டைத் தொடர்கிற சாமான், ஆகவே பாதை. ஆயிரம் பேரையும் நூற்றுக்கணக்கான வாகனங்களையும் விழுங்குகிற டோவர் கப்பலைப் பாதை என்று சொன்னதைக் கேட்டு நாங்கள் முதலில் சிரித்தோம். பிறகு, ஐரோப்பிய வரலாற்றுப் பாடத்துக்கு ஒப்படை ஒன்று எழுதவேண்டி வந்தபோது இந்தக் கடலைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க அம்மம்மாவின் சொல்தான் சரி என்று பட்டது. அந்த ஒப்படையில் இடம் காணாமல் வெட்டி எறிந்ததையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையில் உள்ள கடல் ஆக ஒடுங்குகிற இடம் டோவர் நீரிணை. அகலம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். வானம் வெளித்த நாளில் ஒரு கரையில் நின்று மற்றக் கரையைப் பார்க்கலாம். டோவரில் இருந்து கலேக்குக் கப்பல் ஓடுகிற நேரம் ஒன்றரை மணித்தியாலம். இதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்கலாம்.

கஷ்டம், அந்தக் கடலின் மற்ற வேலையில் இருக்கிறது. வட ஐரோப்பாவின் பெரிய துறைமுகங்களான ரொட்டர்டாம், அன்ட்வேர்ப், ஹம்பேர்க் போன்றவற்றுக்கு அத்லாந்திக் பக்கமிருந்து வருகிற கப்பல்களுக்கு இதுதான் வாசல். நாளொன்றுக்கு 400க்கு மேற்பட்ட கப்பல்கள் இந்த நீரிணை வழியாக நீளத்துக்குப் போகின்றன. பயணிகள் கப்பலோ குறுக்கே போகவேண்டும். ஏ-9 வீதியில் லொறிகள் விடாமல் ஓடிக்கொண்டிருக்க, ஒரு பஸ் நாள் முழுக்க இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் குறுக்கே போய்வருவதை நினைத்துப் பாருங்கள். அந்த லொறிகளுக்கு பிரேக்கும் இல்லை. நிறை சரக்கோடு வருகிற ஒரு எண்ணெய்க் கப்பலை நிப்பாட்டக் கிலோமீற்றர் கணக்கில் கடல் வேண்டும்.

1960கள் வரைக்கும் இந்த வீதிக்கு வலம், இடம் என்று ஒன்றும் கிடையாது. கப்டன்மார் தங்களுக்கு எது கிட்டவோ அந்த வழியால் போனார்கள். 1967இல்தான் போகிற கப்பலுக்கு ஒரு நிரல், வருகிற கப்பலுக்கு ஒரு நிரல் என்று வரைபடத்தில் பிரித்தார்கள். ஆனால் அது கட்டாயமில்லை, விரும்பினால் பின்பற்றலாம். விரும்பினால் பின்பற்றலாம் என்ற சட்டத்துக்கு என்ன நடக்கும் என்பது எங்களுக்கும் தெரியும்தானே.

1971 ஜனவரி 11 அதிகாலை, ‘டெக்சாக்கோ கரிபியன்’ என்ற எண்ணெய்க் கப்பலும் ‘பரக்காஸ்’ என்ற பெரு நாட்டுச் சரக்குக் கப்பலும் மோதின. பரக்காஸ் வந்தது பிழையான நிரலில். எண்ணெய்க் கப்பல் வெடித்து உடைந்து தாண்டது. அடுத்த நாள் காலை ‘பிரண்டன்பேர்க்’ என்ற ஜேர்மன் கப்பல், தாண்டு கிடந்த அந்தக் கப்பலின் மேலேயே ஏறித் தானும் தாண்டது. அதற்குப் பிறகு விளக்குக் கப்பலும் மிதவைகளும் போட்டு அந்த இடத்தை அடையாளப்படுத்தினார்கள். அப்படி அடையாளப்படுத்திய பிறகும், பெப்ரவரி 27ஆம் திகதி ‘நிக்கி’ என்ற கிரேக்கக் கப்பல் நேரே வந்து அதே இடத்தில் மோதியது. அதில் இருந்தவர்களில் ஒருத்தரும் தப்பவில்லை. மூன்று கப்பல், ஒரே இடம், ஏழு கிழமைக்குள் 51 உயிர்கள்.

அதற்குப் பிறகுதான் ‘விரும்பினால்’ என்ற சொல் போனது. 1972இல் டோவரில் இருந்து ராடர் மூலம் கண்காணித்து, கப்பல்களுக்கு வானொலியில் தகவல் சொல்லும் சேவை தொடங்கியது. பிரான்ஸ் கரையில் கிறி-நே முனையிலும் அப்படி ஒன்று உண்டு. அதே ஆண்டு எழுதப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள் நிரல்களைக் கட்டாயமாக்கின. குறுக்கே போகிற கப்பல், முடிந்தவரை செங்கோணத்தில் கடக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. சரிவாக வெட்டிக்கொண்டு போனால் நிரலுக்குள் நிற்கிற நேரம் கூடும், தூரத்தில் வருகிறவனுக்கு நீ எங்கே போகிறாய் என்பதும் விளங்காது.

கடலில் எல்லாரும் வலப்பக்கம் பிடித்துத்தான் போகவேண்டும். ஆகவே டோவரில் இருந்து வெளிக்கிடுகிற கப்டன் முதல் நிரலில் இடப்பக்கம் பார்க்கவேண்டும், நடுவைத் தாண்டினால் வலப்பக்கம். எங்கட ரோட்டைக் கடக்கிற பழக்கத்துக்கு எதிர்மாறு. இதை ஒருநாளில் பல தடவை, மழை, புகார், இரவு என்று பாராமல் செய்கிறார்கள். இத்தனை கப்பல் போகிற இடத்தில் இன்றைக்கு மோதல் அரிது. கடலுக்கு நடுவில் இருந்த பிரச்சினையைப் பெருமளவுக்குத் தீர்த்துவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

தீராத பிரச்சினை கரையில் இருக்கிறது.

எங்கட நாட்டைச் சுற்றிக் கடல் ஏறி வற்றுகிற உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. டோவரில் பெருக்குக் காலத்தில் அது ஏறத்தாழ 6 மீற்றர். அதாவது காலையில் இறங்குதுறைக்கு நேர்மட்டமாக நின்ற கப்பல், மத்தியானம் இரண்டு மாடி உயரம் கீழே நிற்கும். ஆட்கள் என்றால் ஏணியால் இறங்கலாம். கார் எப்படி இறங்கும்? நீண்ட காலத்துக்குக் கார்களைப் பாரம்தூக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கித்தான் ஏற்றினார்கள். பெற்றோலை வடித்துவிட்டு ஏற்றவேண்டும், கூலியும் கூட. இந்தக் கூலியில் எரிச்சல்பட்ட ஸ்டுவர்ட் டவுன்சென்ட் என்ற ஓய்வுபெற்ற இராணுவக் கப்டன், 1928இல் நிலக்கரி ஏற்றுகிற ஒரு பழைய கப்பலை வாடகைக்கு எடுத்துக் கார் ஏற்றத் தொடங்கினார். கொள்ளை இலாபம் அடிக்கிற ரயில்வேக் கம்பனிகளுக்குப் பாடம் படிப்பிக்க வந்த மனுசன், கடைசியில் தானே ஒரு கப்பல் கம்பனி ஆகிவிட்டார். டவுன்சென்ட் என்ற பெயரை ஞாபகம் வைத்திருங்கள்.

அதற்கு முந்தியே கடற்கிறுதிக்கு மருந்து தேடிய ஒருத்தரும் இருந்தார். இரும்பை உருக்காக்குகிற முறையால் உலகப் புகழ்பெற்ற ஹென்றி பெசெமர். இந்தக் கடலைக் கடக்கும்போது கடுமையாகச் சத்தியெடுத்த கோபத்தில், கப்பல் ஆடினாலும் உள்ளே இருக்கிற மண்டபம் ஆடாமல் நிற்கிற மாதிரி நீரழுத்தக் கருவிகளோடு ஒரு கப்பலே கட்டுவித்தார். செதுக்கு வேலைப்பாடு, மெத்தை இருக்கை எல்லாம் உண்டு. 1875 மே மாதம் பொதுமக்களோடு ஓடியபோது கப்பல் சொல்வழி கேட்காமல் கலே இறங்குதுறையில் போய் மோதி, அதில் ஒரு பகுதியை உடைத்தது. அவ்வளவுதான், திட்டமும் முடிந்தது. பணக்காரக் கண்டுபிடிப்பாளர் கடலைப் பற்றியே யோசித்தார். கப்பலை ஒடுங்கின துறைமுகத்துக்குள் கொண்டுபோய் நிப்பாட்டுவதைப் பற்றி யோசிக்கவில்லை.

1953இல் டோவரின் கிழக்குத் துறையில், கடல் ஏற இறங்கத் தானும் ஏறி இறங்குகிற சாய்வுப் பாலங்கள் வந்தன. அதற்குப் பிறகு காரை ஓடியே கப்பலுக்குள் ஏற்றலாம். ஒரு வாயால் ஏறி மறுகரையில் மற்ற வாயால் இறங்கலாம். முன்னுக்கும் பின்னுக்கும் கதவு, நடுவில் ஒரு சுவரும் இல்லாத நீண்ட கூடம். இன்றைய பயணிகள் கப்பலின் அடிப்படை வடிவம் இதுதான். இந்த வடிவத்தின் ஒரே நோக்கம் கெதியாக ஏற்றி இறக்குவது. கப்பல் ஓடினால்தான் காசு. கரையில் கட்டிக் கிடக்கிற ஒவ்வொரு நிமிடமும் நட்டம். ஒரு மணித்தியாலத்துக்குள் நூற்றுக்கணக்கான வாகனத்தை இறக்கி, நூற்றுக்கணக்கான வாகனத்தை ஏற்றி, கழுவித் துடைத்துத் திரும்ப வெளிக்கிடவேண்டும். பிந்தினால் அடுத்த பயணமும் பிந்தும், இடத்தை அடுத்த கப்பலுக்கு விடவும் ஏலாது. இந்த அவசரம் கடைசியில் யாரின் தோளில் இறங்கியது என்பதை 1987 காட்டியது.

டவுன்சென்டின் பெயரில் வளர்ந்த டவுன்சென்ட் தோறசன் கம்பனியின் ‘ஹெரால்ட் ஒஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற கப்பல், டோவர் – கலே ஓட்டத்துக்கென்றே கட்டப்பட்டது. இரண்டு தளத்துக்கும் ஒரே நேரத்தில் வாகனம் ஏறுகிற துறைகளுக்குப் பொருத்தமான கப்பல். 1987 மார்ச் 6ஆம் திகதி அதைப் பெல்ஜியத்தின் சேபுறூகே துறைமுகத்துக்கு விட்டிருந்தார்கள். அங்கே பாலம் ஒரு தட்டுத்தான். மேல்தளத்துக்கு அந்தப் பாலம் எட்டாததால், கப்பலின் முன்பக்கத் தொட்டிகளில் தண்ணியை நிரப்பி மூக்கைத் தாழ்த்தவேண்டி இருந்தது. அந்தத் தண்ணியை வெளியே இறைக்க நேரம் எடுக்கும். கப்பல் மூக்கைத் தாழ்த்தியபடியே வெளிக்கிட்டது. முன்கதவும் திறந்தபடி.

கதவை மூடவேண்டிய உதவித் தொழிலாளி வேலை முடித்து ஓய்வுக்குப் போய் அறையில் அயர்ந்துவிட்டார். புறப்படுகிற அறிவித்தல் அவரை எழுப்பவில்லை. அவருக்கு மேலாளர் கதவடியால்தான் போனார், ஆனால் கதவை மூடுவது அவருடைய வேலை என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. மூடுவதை உறுதிப்படுத்தவேண்டிய அதிகாரிக்கு, அதே நேரத்தில் மேலே கப்டனின் தளத்திலும் நிற்கவேண்டும் என்ற கட்டளை இருந்தது. இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் எப்படி நிற்பது? மேலே நிற்கிற கப்டனுக்குக் கதவு கண்ணுக்குத் தெரியாது. ‘எல்லாம் சரி’ என்று சொல்லவேண்டிய வழக்கமும் இல்லை. பிழை என்று ஒருத்தரும் வந்து சொல்லாவிட்டால் சரி என்றே எடுத்துக்கொள்வது. சேபுறூகேயில் இருந்து நேரத்துக்கு, முடிந்தால் நேரத்துக்கு முந்தியே வெளிக்கிடச் சொல்லிக் கம்பனியின் நெருக்குதல் ஏற்கெனவே எழுத்தில் இருந்தது.

துறைமுகத்தைத் தாண்டி வேகம் கூடியதும் அலை முன்கதவுக்கு மேலால் ஏறியது. தண்ணி நிரம்பிய ஒரு தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். கொஞ்சம் சரிந்தால் முழுத் தண்ணியும் அந்தப் பக்கம் ஓடும், ஓட இன்னும் சரியும். சுவரில்லாத அந்த நீண்ட கூடத்தில் நடந்ததும் அதுதான். ஒன்றரை நிமிடமளவில் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து, கரைக்குக் கிட்டவே மணல்திட்டில் விழுந்தது. 193 பேர் இறந்தார்கள். கனபேர் தாண்டு சாகவில்லை, மார்ச் மாதக் கடலின் குளிரில் விறைத்துச் செத்தார்கள்.

பத்திரிகைகள் முதலில் தேடியது அந்த நித்திரை கொண்ட மனிதரைத்தான். ஆனால் நீதிபதி ஷீன் தலைமையிலான விசாரணை அதற்கு மேலேயும் ஏறிப் பார்த்தது. எங்களை உலுப்பியது அந்த விசாரணையில் வெளிவந்த இரண்டு விசயம். ஒன்று: 1983இலேயே இதே கம்பனியின் இன்னொரு கப்பல் இதே மாதிரி, ஆள் அயர்ந்ததால், கதவு திறந்தபடி டோவரில் இருந்து போயிருக்கிறது. அன்றைக்கு அதிர்ஷ்டம் இருந்தது. இரண்டு: கதவு மூடியிருக்கிறதா என்று தெரிய மேலே ஒரு விளக்குப் பூட்டித் தாருங்கள் என்று கப்டன்மார் விபத்துக்கு முந்தியே கேட்டிருக்கிறார்கள். கம்பனி அதிகாரிகள் அந்தக் கடிதத்தைச் சுற்றுக்கு விட்டுப் பகிடியாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். வேலைக்காரன் முழித்திருக்கிறானா என்று பார்க்கவும் விளக்கு வேணுமா என்ற தோரணையில். விபத்து நடந்து சில நாட்களுக்குள் மற்றக் கப்பல்களில் அந்த விளக்கு பூட்டியாயிற்று. ஒரு சின்ன விளக்கு.

கம்பனிமீது கொலைக்குற்ற வழக்குப் போட்டார்கள். 1990இல் வழக்கு இடையிலேயே விழுந்தது. கம்பனியின் மூளை என்று சொல்லக்கூடிய ஒரு தனி ஆளின் குற்றத்தைக் காட்டாமல் கம்பனியைத் தண்டிக்க அன்றைய சட்டம் இடம் கொடுக்கவில்லை. நிறுவனங்களையே நேரடியாகக் குற்றவாளியாக்கும் சட்டம் பிரித்தானியாவில் 2007இல்தான் வந்தது. டவுன்சென்ட் தோறசன் என்ற பெயரை மட்டும் அதே 1987இல் கப்பல்களில் இருந்து அழித்து, பி அன்ட் ஓ என்று மாற்றி எழுதினார்கள்.

இந்த இடத்தில் எங்களுக்குக் கிண்ணியா ஞாபகம் வராமல் இருக்காது. 2021 நவம்பர் 23. குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலம் கட்டுவதற்காகப் பழைய பாலத்தை எடுத்துவிட்டு, இடைக்காலத்துக்கு விட்ட படகுப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. அங்கேயும் முதல் கேள்வி பாதையை ஓட்டியவர்களைப் பற்றித்தான் வந்தது. பாலம் முடியும்வரைக்கும் அந்தச் சனம் எப்படிக் கடக்கும் என்று யோசிக்கவேண்டியவர்கள் யார் என்ற கேள்வி பிந்தித்தான் வந்தது. சேபுறூகேயும் கிண்ணியாவும் ஒன்றல்ல, அளவிலும் இல்லை, சட்டத்திலும் இல்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்காமல் எங்களால் இருக்க ஏலவில்லை.

சேபுறூகே நடந்து ஒரு வருசம்கூட ஆகாத 1988 பெப்ரவரியில் டோவர் மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பி அன்ட் ஓ ஆட்களைக் குறைத்து, வேலை நேர முறையை மாற்ற வெளிக்கிட்டதுதான் காரணம். களைத்த ஆட்களோடு கப்பல் ஓட்டினால் என்ன நடக்கும் என்று இப்பதானே பார்த்தீர்கள் என்பது அவர்களின் வாதம். கம்பனி அவர்களை வேலையை விட்டு நீக்கியது. ஆதரவு கொடுத்த தேசிய மாலுமிகள் சங்கத்தின் சொத்துகளை நீதிமன்றம் முடக்கியது. போராட்டம் ஒரு வருசத்துக்கு மேல் இழுபட்டுத் தோற்றது. சங்கமும் 1990இல் ரயில்வேச் சங்கத்தோடு சேர்ந்து கரைந்தது. தாட்சர் காலம். சுரங்கத் தொழிலாளருக்கு நடந்ததை எல்லாரும் கதைக்கிறார்கள், டோவரைப் பற்றிக் கதைக்கிறவர்கள் குறைவு.

கம்பனிகள் அப்போது சொன்ன நியாயம் சுரங்க ரயில். கடலுக்கு அடியால் துளைத்துக்கொண்டு வருகிறார்கள், நாங்கள் செலவைக் குறைக்காவிட்டால் அழிந்துபோவோம் என்றார்கள். சுரங்கம் 1994 மே 6ஆம் திகதி திறந்தது. காரோடு ரயிலில் ஏறினால் 35 நிமிடம். காற்றுமெத்தையில் பறந்த ஹோவர்கிராஃப்ட் 1968இல் இருந்து ஏறத்தாழ அதே 35 நிமிடத்தில் கடந்துகொண்டிருந்தது. அதுவும் 2000 ஒக்டோபரோடு நின்றது. 1999 நடுப்பகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியில்லாத சாராயம், சிகரெட் விற்பனையும் முடிந்தது. கப்பல் கம்பனிகளின் வருமானத்தில் பெரிய பங்கு அந்தக் கடைகளில் இருந்துதான் வந்தது. கடலைக் கடக்க வந்தவர்களைவிடப் போத்தல் வாங்க வந்தவர்கள் கனபேர் போல! ஆனாலும் கப்பல்கள் அழியவில்லை. லொறிகள் இருக்கும்வரைக்கும் அவை இருக்கும்.

இதற்கிடையில் ஒரு சின்ன வெளிச்சமும் வந்தது. பிரான்சின் சீஃப்ரான்ஸ் கம்பனி 2012 ஜனவரியில் வங்குரோத்தானபோது, வேலை போன தொழிலாளர்கள் தாங்களே ஒரு கூட்டுறவு அமைத்தார்கள். சுரங்கத்தை நடத்துகிற யூரோடனல் கம்பனி மூன்று கப்பலை வாங்கிக் கொடுக்க, அந்தக் கூட்டுறவு ‘மைஃபெரிலிங்க்’ என்ற பெயரில் அதே ஆண்டு ஓகஸ்டில் கப்பல் ஓட்டியது. மாலுமிகளே முதலாளிகள். இதை வாசித்தபோது எங்களுக்குள் பெரிய வாதம் நடந்தது. ஒருத்தன், “காசு யூரோடனலிட, பிறகென்ன மச்சான் கூட்டுறவு?” என்றான். அவன் சொன்னதுதான் கடைசியில் பலித்தது. சுரங்கக்காரன் கப்பலும் வைத்திருந்தால் போட்டி குறையும் என்று பிரித்தானியப் போட்டி அதிகாரசபை மறித்தது. யூரோடனல் கைவிட்டது. 2015 நடுப்பகுதியில் கூட்டுறவு முடிந்தது. கோபத்தில் தொழிலாளர்கள் கலே துறைமுகத்தை மறித்தார்கள், இங்கிலாந்துப் பக்கம் நெடுஞ்சாலையில் லொறிகள் மைல் கணக்கில் தேங்கின. எங்களில் மற்றவர்களுக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது: மூன்று வருசம் அந்தக் கப்பல்கள் ஓடின, தொழிலாளர்களுக்கு ஓட்டத் தெரியும் என்பதற்கு அது காணாதா?

2022 மார்ச் 17. பி அன்ட் ஓ கப்பல்களை எல்லாம் துறைமுகத்திலேயே நிற்கச் சொன்னார்கள். காலையில் ஒரு வீடியோ. முன்கூட்டியே பதிவுசெய்த, சில நிமிட வீடியோ. இன்றோடு உங்களுக்கு வேலை இல்லை, உங்களுக்குப் பதிலாக ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் வருகிறார்கள். 786 பேர். கப்பல்களில் காவலாளிகளும் ஏறினார்கள். இப்போது கம்பனி டுபாயின் டிபி வேர்ல்டுக்குச் சொந்தம். டோவர் கப்பல்கள் சைப்பிரஸ் கொடியோடு ஓடின. ஆகவே புது ஆட்களின் சராசரிச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 5.50 பவுண், அது பிரித்தானியக் குறைந்தபட்சச் சம்பளத்திலும் குறைவு, ஆனால் சட்டப்படி பிழையில்லை. நிறைவேற்று அதிகாரி பாராளுமன்றக் குழுவுக்கு முன்னால் வந்து, தொழிற்சங்கங்களோடு கலந்து பேசவேண்டும் என்ற சட்டத்தை மீறியதை ஒத்துக்கொண்டார். கேட்டிருந்தால் அவர்கள் சம்மதித்திருக்கமாட்டார்கள் என்பது அவருடைய விளக்கம்! ஒருத்தர்மீதும் குற்றவியல் வழக்கு வரவில்லை.

அடுத்த கிழமைகளில் புது ஆட்களோடு ஓட வெளிக்கிட்ட ‘பிரைட் ஒஃப் கென்ட்’ கப்பலைக் கரையோர அதிகாரிகள் பரிசோதித்து டோவரிலேயே தடுத்து வைத்தார்கள். கப்பலைத் தெரிந்த ஆட்கள் கப்பலில் இல்லை. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும்: புதுசாக வந்தவர்களும் தொழிலாளர்கள்தான். எங்களைப் போன்ற நாடுகளில் இருந்து ஒப்பந்தத்தில் கப்பலுக்குப் போகிற பெடியன்கள் எத்தனை பேரை எங்கட ஊர்களிலேயே தெரியும். அவர்களைத் திட்டுவது 1987இல் நித்திரை கொண்டவரைத் திட்டுவது மாதிரி. 2023 மார்ச்சில், பிரித்தானியத் துறைமுகங்களுக்கு அடிக்கடி வந்துபோகிற கப்பல்களில் பிரித்தானியக் கடலுக்குள் செய்த வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு நிகராகக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு பிரான்சும் தன் பங்குக்கு ஒன்று கொண்டுவந்தது. 786 பேருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

மாமாவின் வரிசைக்கு வருவோம். டோவரில் பிரான்ஸ் பொலிசும் கலேயில் பிரித்தானிய அதிகாரிகளும் கடவுச்சீட்டுப் பார்ப்பது 2003ஆம் ஆண்டு லு துக்கே உடன்படிக்கையால் வந்த ஏற்பாடு. எல்லை இப்போது கடலுக்கு நடுவில் இல்லை, கப்பல் ஏறுகிற வாசலில் இருக்கிறது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்ட பிறகு, 2021இல் இருந்து ஒவ்வொரு பிரித்தானியக் கடவுச்சீட்டையும் விரித்துப் பார்த்து முத்திரை குத்தவேண்டி வந்தது. ஒரு காருக்கு இரண்டு நிமிடம் கூடினால், குன்றுக்கும் கடலுக்கும் இடையில் நசுங்கிக் கிடக்கிற அந்தத் துறைமுகத்தில் வரிசை ஊருக்குள்ளேயே வரும். கப்பல் கெதியாக ஏற்றி இறக்கப் பழகியது 70 வருசம் எடுத்து. அரசாங்கம் அதை ஒரு முத்திரையால் மெதுவாக்கியது.

முத்திரை குத்தக் கடவுச்சீட்டு இல்லாதவர்களின் கதையும் இதே நீரிணையில்தான். 2000 ஜூனில், சேபுறூகேயில் இருந்து டோவருக்கு வந்த கப்பலின் வாகனத் தளத்தில் நின்ற ஒரு தக்காளி லொறிக்குள் 58 சீனர்கள் மூச்சுமுட்டிச் செத்திருந்தார்கள், இரண்டு பேர் மட்டும் உயிரோடு. ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போன கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த லொறியை அன்னியமாக வாசிக்க முடியவில்லை. லொறிகளுக்குச் சோதனை கூடக்கூட ஆட்கள் றப்பர் படகுக்கு மாறினார்கள். 2021 நவம்பர் 24ஆம் திகதி அப்படி ஒரு படகு கவிழ்ந்து குறைந்தது 27 பேர் இறந்தார்கள். உதவி கேட்டு இரண்டு கரைக்கும் போன் எடுத்திருக்கிறார்கள். இரண்டு கரையும் மற்றக் கரையைக் கைகாட்டியதா என்பது பிறகு விசாரணையில் வந்தது. ஒவ்வொரு கப்பலையும் ராடரில் பார்க்கிற கடலில் இது நடந்தது. கிண்ணியாவுக்கு அடுத்த நாள்.

எங்கட காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பலைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பத் தொடங்கி, மாரி வரத் திரும்ப நின்று, 2025 பெப்ரவரியில் இன்னொருக்கா தொடங்கிய கதை அது. அதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும். அங்கே பிரச்சினை கப்பல் கரையில் கனநேரம் நிற்பதுதான், இங்கே அந்த நேரத்தை இல்லாமலாக்க வெளிக்கிட்டதுதான்.

மாமா குடும்பம் பதிவுசெய்த கப்பலைத் தவறவிட்டு அடுத்ததில் ஏறியது. தாலிகட்டுக்குப் பிந்தினாலும் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இதை எழுதி முடிக்கிற நேரம் நாங்கள் மாமாவுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டோம்: கப்பல் வெளிக்கிடேக்க முன்கதவு மூடுறதைப் பாத்தீங்களா?

“அதை எங்க தம்பி பாக்கிறது,” என்று பதில் வந்தது. “காரை விட்ட உடன எல்லாரையும் மேல போகச் சொல்லிப்போடுவாங்கள். கீழ ஒருத்தரும் நிக்க ஏலாது.”